கிரேன் புகை சாய்ந்த பக்கம்

டாக்டர் அந்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பென்சில் முனையால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். வலது பக்கம், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே. நிழல் என்று அவர் சொன்னார். நிழல் என்றால் கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது வெள்ளையாக, கரைத்த சுண்ணாம்பு சிந்தியதுபோல இருந்தது. என் மனைவி படத்தைப் பார்க்கவே இல்லை. டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினம் ஊசி போட்டுக்கணும். முட்டை, பால் சாப்பிடணும். கனமான வேலை கூடாது. குழந்தையைக் கொஞ்ச நாள் வேற எங்கயாவது வையுங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க இருக்கிறது ராயபுரம்தானே? பாதி மருந்து உங்க வீட்டுப் பக்கத்திலேயே சும்மா கிடைக்குது. தினமும் ரெண்டு மணி நேரம் கடல் காத்துல உட்காரச் சொல்லுங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுப்போம். குறையலைன்னா ஊருக்கு வெளியே ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியிருக்கும்," என்றார்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நான் துறைமுகத்தில் நீராவி கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை ஆறு மணிக்கு ஏறினால் பகல் இரண்டு மணிக்கு இறங்குவேன். கப்பலிலிருந்து நிலக்கரியை அள்ளி அள்ளிக் கரையில் கொட்டுவது என் வேலை. கரித்தூளை விழுங்கியவன் நான், நெஞ்சில் நிழல் விழுந்தது அவளுக்கு. இந்தக் கணக்கு எந்த ஊர் நியாயம் என்று அன்றைக்கு வீடு வரும் வழியெல்லாம் மனத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். யாரோடு சண்டை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எங்கள் குழந்தைக்கு அப்போது ஒன்றேகால் வயது. பெண் குழந்தை. அன்று சாயங்காலமே புளியந்தோப்பில் இருந்த என் மனைவியின் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

நாங்கள் குடியிருந்தது எட்டுக் குடித்தனம் உள்ள வீடு. நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரே ஒரு குழாய். விடியும் முன்பே எட்டு வீட்டுக் குடங்களும் வரிசையில் நிற்கும். எங்கள் குடம் மூன்றாவது. இந்தக் காசநோய் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தக் குடத்தை யார் வரிசையில் விடுவார்கள்? போன வருஷம் பக்கத்துச் சந்தில் ஒரு தையல்காரர் குடும்பத்தை இதற்காகவே காலி செய்ய வைத்தார்கள். வாசலில் கிடந்த அவர்களுடைய பாயையும் தலையணையையும் தொட ஆளில்லாமல் யாரோ கொளுத்திப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். ஆகவே, "ரத்தம் போதலையாம், பலகீனமாம்" என்று எல்லோரிடமும் ஒரே பொய்யைச் சொன்னோம். குழந்தையைப் பெரியம்மா ஆசைப்பட்டு இட்டுக்கொண்டு போயிருப்பதாகச் சொன்னோம்.

கடற்கரைக்குப் போவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். பகலில் போனால் அவள் இருமுவதை ஊரே பார்க்கும். தினமும் கடற்கரையில் போய் உட்காருகிறவள் எதற்காக உட்காருகிறாள் என்று ராயபுரத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் விடியற்காலை நாலு மணிக்கு, குழாயடிக்கு ஆள் வருவதற்குள், அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். ஐந்தரை மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, நான் வேலைக்கு ஓடுவேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாசி மாதம். மணல் ஈரமாகச் சில்லென்று இருக்கும். அவள் தலையையும் காதையும் ஒரு வெள்ளைத் துண்டால் சுற்றி, கடலைப் பார்க்க உட்கார வைப்பேன். பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்வேன்.

"நல்லா இழு மே. வாயால இல்ல, மூக்கால."

"இழுத்துக்கினுதான் கீறேன்."

"இது இன்னா இழுக்கறது? அடிவயித்துலேந்து இழு."

அவள் இழுப்பாள். பாதியில் இருமல் வந்து மடங்கிப் போவாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே எத்தனை தடவை இருமுகிறாள் என்று எண்ணுவேன். நேற்றைவிட இன்றைக்கு இரண்டு குறைவு என்றால் அன்று முழுவதும் கிரேனில் சீழ்க்கை அடிப்பேன். நான்கு அதிகம் என்றால் கூட வேலை செய்கிறவர்கள் மேல் எரிந்து விழுவேன். இப்படி ஐந்து வாரம் போயிற்று.

குறையவில்லை. அதுதான் உண்மை. இருமல் காலையில்தான் அதிகமாக வந்தது. அவள் கையில் போட்டிருந்த கண்ணாடி வளையல்கள், கையைத் தூக்கினால் முழங்கை வரைக்கும் சரிந்து போயின. பால் குடித்தால் குமட்டியது. ராத்திரியில் புரண்டுகொண்டே இருந்தாள். நான் என்ன செய்தேன்? காற்று போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மூன்றரை மணிக்கே எழுப்பத் தொடங்கினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வெள்ளைத் துண்டைத் தினமும் நான்தான் அலசிப் போடுவேன். அதில் தினமும் கரி படிந்திருக்கும். பின்பக்கம் மட்டும்தான் படிந்திருக்கும், கழுத்துக்கு மேலே பிடரியில். முன்பக்கம் வெளுப்பாகவே இருக்கும். என் கையிலிருந்த கரிதான் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயப்போட்டேன். ஐந்து வாரமும் அப்படித்தான் தேய்த்தேன்.

நாங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலிருந்து கட்டுமரங்கள் கிளம்பும். ஒரு மீனவப் பெண் தினமும் வந்து தன் புருஷனுக்குச் சோற்றுக் கலயத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். என் மனைவி வயதுதான் இருக்கும். எங்களைப் பார்ப்பாள், ஒன்றும் பேசமாட்டாள். பங்குனி பிறந்து நாலைந்து நாள் கழித்து, கிழக்கே வெளுத்து வரும்போது, நேராக எங்களிடம் வந்தாள்.

"இன்னா அண்ணாத்தே, தெனம் இந்தம்மாவ இட்டாந்து குளுர்ல குந்த வெச்சுக்கினு கீறியே. இன்னா சமாச்சாரம்?"

"ஒடம்பு சரியில்ல. கடக்காத்து வாங்கச் சொன்னாரு டாக்டரு," என்றேன்.

"கடக்காத்தா? இப்ப ஏது கடக்காத்து?"

அவள் குனிந்து காய்ந்த மணலில் ஒரு பிடி அள்ளி, கையைத் தூக்கி மெல்ல விட்டாள். மணல் நேராக விழவில்லை. என் மனைவியின் தோளைத் தாண்டி, கடலைப் பார்த்துப் போய் விழுந்தது.

"தோ, எங்க ஊட்டுக்காரரு பாய பாரு. எந்தப் பக்கம் பொடச்சிக்கினு கீது? கடப்பக்கம். கரைலேந்து காத்து தள்ளிக்கினு போனாத்தானே மரம் உள்ள போவும்? இப்ப அடிக்கிறது ஊருக்காத்து. அடுப்புப் பொகெ, ரயிலு பொகெ, தோல் கெடங்கு நாத்தம் அல்லாத்தயும் வாரிக்கினு வர்து. அத்த வாங்கவா இம்மாந் தூரம் வர்றீங்க? அத்த வூட்லயே குந்திக்கினு வாங்கலாமே."

கேலி செய்வதற்காக அவள் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். எனக்கு அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது என் கிரேனின் புகைபோக்கி. பன்னிரண்டு வருஷமாக அதன் அடியில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் அந்தப் புகை கப்பலைத் தாண்டிக் கடலுக்குள் போகும். உச்சி சாய்ந்ததும் அப்படியே திரும்பி ஊரைப் பார்த்து வரும். தினமும் பார்த்ததுதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்ல முடியாது. கடலுக்கு எதிரே உட்கார்ந்தால் வருவதெல்லாம் கடல் காற்று என்று நினைத்துவிட்டேன், அவ்வளவுதான். ஐந்து வாரமாக அவளுக்கு அடிவயிற்றிலிருந்து இழுக்கச் சொல்லிப் புகையைக் கொடுத்திருக்கிறேன்.

"உச்சி சாஞ்சப்பறம் வா தங்கச்சி," என்று அந்தப் பெண் என் மனைவியிடம் சொன்னாள். "மரம் திரும்பி வர்ற நேரம். அப்ப அடிக்கிறதுதான் கடக்காத்து. பசி எடுக்கும் பாரு."

மறுநாளிலிருந்து விடியற்காலையில் போவதை நிறுத்தினேன். பகலில் கூட்டிக்கொண்டு போனேனா என்றால், இல்லை. இதை எழுதுவதற்குக் கை கூசுகிறது. பதினொரு நாள் அவளை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை. கட்டுமரம் திரும்பும் நேரத்தில் மீன் வாங்க எங்கள் வீட்டுப் பெண்கள் பாதிப் பேர் அதே மணலில்தான் நிற்பார்கள். எட்டு வாசலையும் தாண்டி அவள் போக வேண்டும், அவர்கள் நடுவில் இருமிக்கொண்டு உட்கார வேண்டும். வெயில் தணியட்டும் என்றேன். அமாவாசை கழியட்டும் என்றேன். எனக்குக் கால் வலி என்றுகூட ஒருநாள் சொன்னேன். அவள் ஊசி போட்டுக்கொண்டு வந்து, ஜன்னல் இல்லாத அந்த ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்குத் தூக்கமே போய்விட்டது. குடம் போய்விடுமோ என்று ஒரு பயம், அவள் போய்விடுவாளோ என்று ஒரு பயம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தேனே என்று இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வந்தாள். குழந்தை நன்றாக இருக்கிறாள், புதிதாக இரண்டு பல் முளைத்திருக்கிறது, நடக்கிறாள் என்றெல்லாம் சொன்னாள். பேச்சோடு பேச்சாக, "என்னைத்தான் அம்மான்னு கூப்புடுது" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். என் மனைவி சிரித்தாள். "யாரையாவது கூப்புட்டாத்தானே பேச்சு வரும்," என்றாள்.

மறுநாள் வேலை முடிந்து இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அறைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே அவள் இல்லை. கொடியில் வெள்ளைத் துண்டு இல்லை. வெளியே ஓடிவந்தேன். முற்றத்தில் வீட்டுக்கார அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"கடக்கரைக்குப் போயிக்கீறா," என்றார், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா."

"இன்னா சொன்னா?"

"அல்லாத்தயும் சொன்னா. நீதான் சொல்லாம கீற."

அவர் கல் பொறுக்கிப் போட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

"நாளைலேந்து ஒங்க கொடம் கடசி. புட்ச்சதும் கொயாய நல்லா தேச்சுக் கயுவிட்டுப் போவணும். அவ துப்பறதுக்கு தனியா ஒரு டப்பா வெய்யி, சுண்ணாம்புத் தூளு போட்டு. பின்கட்டு ரூமுக்கு மாறிக்கோங்க, அதுல ஜன்னலு கீது. போ, போயி அவளப் பாரு. வெயில்ல ஒண்டியா குந்திக்கினு கீறா."

ஓடினேன். மணலில் மீன் வாங்குகிற கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, கவிழ்த்துப் போட்ட ஒரு கட்டுமரத்தின் ஓரம் அவள் உட்கார்ந்திருந்தாள். தலைத் துண்டு முதுகுக்குப் பின்னால் படபடத்துக்கொண்டிருந்தது. காற்று என் வாயில் உப்பாகப் பட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டுவதற்குத்தான் வந்தேன், ஆனால் பறந்த துண்டை இழுத்து அவள் காதை மூடிவிட்டேன்.

"நீ கொடத்துக்குப் பயந்துக்கினு கீற," என்றாள், கடலைப் பார்த்துக்கொண்டே. "எம் பொண்ணு எங்கக்காவ அம்மான்னு கூப்புடுதாம்யா. எனக்கு கொடம் பெர்சா தோணல."

வீட்டில் எல்லோரும் வீட்டுக்கார அம்மாவைப் போல இருக்கவில்லை. ஒரு குடித்தனம் அந்த மாதமே காலி செய்துகொண்டு போனது. இன்னொரு வீட்டில் எங்களைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். குழாயடியில் என் மனைவி நின்றால் பேச்சு நின்றுவிடும். அவமானம் இருந்தது. ஆனால் அவமானம் தினமும் ஒரே அளவில்தான் இருந்தது. மறைத்துக்கொண்டிருந்தபோது பயம் தினமும் ஒரு சுற்றுப் பெருத்துக்கொண்டே போனதல்லவா, அது நின்றுபோயிற்று.

அதன் பிறகு பகல் பன்னிரண்டு மணி ஆனால் கிரேனில் எனக்கு வேலை ஓடாது. தலையைத் தூக்கிப் புகைபோக்கியையே பார்ப்பேன். புகை கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். பிறகு நேராக நிற்கும். பிறகு தயங்கித் தயங்கி ஊர்ப்பக்கம் திரும்பும். அது திரும்பிவிட்டால், இப்போது அவள் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். சித்திரைக் கடைசியில், வெயில் முற்றிய நாட்களில், சில நாள் நான் இறங்குகிற இரண்டு மணி ஆகியும் புகை திரும்பாது. அந்த நாட்களில் கப்பல்காரன், மேஸ்திரி, கரி, கடவுள் எல்லோரையும் திட்டுவேன். மேஸ்திரி ஒருநாள், "வானத்த பாத்துக்கினே யார் தலைலயாவது கொட்டிடப் போற," என்று எச்சரித்தார். அவர் சொன்னது நியாயம்தான்.

முதல் வாரம் எந்த மாற்றமும் இல்லை. இரண்டாவது வாரத்தில், கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில், "இன்னா கொயம்பு வெக்கலாம்?" என்று கேட்டாள். அவள் வாயிலிருந்து சாப்பாட்டைப் பற்றி ஒரு பேச்சு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த மீனவப் பெண் கடைசியில் மிஞ்சிய மீனில் ஒரு கை அள்ளி இவள் மடியில் போடுவாள். இருவரும் தங்கள் புருஷன்மார்களைப் பற்றி ஏதோ பேசிச் சிரிப்பார்கள். நான் வந்தால் நிறுத்திவிடுவார்கள். ராத்திரி அவள் புரளாமல் தூங்கினாள். நான்தான் எழுந்து எழுந்து அவள் மூக்கருகில் கை வைத்துப் பார்த்தேன். வளையல் முழங்கைக்குப் போகாமல் முன்கையிலேயே நின்றது. துண்டில் கரி இல்லை. அலசும்போது உப்பு மட்டும் பிசுபிசுத்தது.

ஊசியா, முட்டையா, காற்றா, பெண்களின் பேச்சா, எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. ஊசி விடியற்காலையில் கடற்கரைக்குப் போன காலத்திலும் போட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பது மட்டும் தெரியும்.

வைகாசியில் இரண்டாவது படம் எடுத்தார்கள். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் வாய் அசைவது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவிதான் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நிழல் பாதியாகச் சுருங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர வேண்டாம் என்றார். ஆனால் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவர இன்னும் பொறுக்க வேண்டும், சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வர வேண்டும் என்றார்.

"பாக்கவே கூடாதா?" என்று கேட்டாள் அவள்.

"திறந்த வெளியில பாக்கலாம். தள்ளி உட்காரணும். தூக்கக் கூடாது, முத்தம் கொடுக்கக் கூடாது."

ஐப்பசி மழைக்கு முன்னால் குழந்தை வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆனால் எனக்கு அந்த நாள் அவ்வளவாக நினைவில் இல்லை. நினைவில் நிற்பது அந்த வைகாசி மாத ஞாயிற்றுக்கிழமை.

அக்கா கைரிக்ஷாவில் குழந்தையைக் கொண்டுவந்தாள். மணலில் இறக்கி விட்டதும் குழந்தை என் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி எழுந்தாள். ஓடிப்போய் அள்ளிக்கொள்ளப் போகிறாள், எப்படித் தடுப்பது என்று எனக்குப் பதறியது. அவள் போகவில்லை. குனிந்து ஒரு பிடி காய்ந்த மணலை அள்ளி, கையைத் தூக்கி, மெல்ல விட்டாள். மணல் கடலிலிருந்து ஊரைப் பார்த்துப் பறந்தது. அதைப் பார்த்துவிட்டு, குழந்தையைச் சுற்றிக்கொண்டு நடந்து, பத்தடி தள்ளி ஊர்ப்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். கடல், அப்புறம் குழந்தை, அப்புறம் அவள்.

"ஏண்டி அங்க போயி குந்தற?" என்று கேட்டாள் அக்கா.

"எம் மூச்சுக்காத்து அது மேல போவக் கூடாது," என்றாள்.

குழந்தை கொஞ்ச நேரத்தில் பயம் தெளிந்து மணலை அளைய ஆரம்பித்தாள். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். ஐந்து வாரம் நான் கத்திக் கத்திச் சொல்லியும் அவளால் அப்படி இழுக்க முடிந்ததில்லை. இருமல் வரவில்லை.

"தேங்கா எண்ண வாசன வர்துய்யா," என்றாள். "அது தலைலேந்து."

நான் துறைமுகத்துப் பக்கம் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கிரேன்கள் ஓடவில்லை, புகை இல்லை. அதனால் அவர்கள் கிளம்பும் வரைக்கும் நான் மணலை அள்ளி அள்ளி விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்று திரும்பவில்லை.